ஹெட்போன் ஆம்ப் வாங்கும்போது கேட்க வேண்டியது வோல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் கையடக்க ஹெட்போன் ஆம்ப், அதாவது போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே ஒலியைப் பெருக்கித் தரும் சிறு கருவி, வாங்குவோருக்கென்று ஒரு பட்டியல் வந்திருந்தது. விலை, எடை, நிறம், மில்லிவாட் என நான்கு கட்டங்கள். மில்லிவாட் கூடக்கூட ஆம்ப் நல்லது என்று கீழே ஒரு வரி. அந்த வரியை நம்பிக் கடைக்குப் போகிறவர், மூவாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, “முன்னே கேட்ட மாதிரிதானே இருக்கு” என்று உதட்டைப் பிதுக்கத்தான் போகிறார். கடிதம் நீளம்தான். ஆனால் இந்த விஷயத்தில் கணக்கைப் பாதியில் விட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

எத்தனை ஓமில், அதாவது ஹெட்போனின் மின்தடை எவ்வளவாக இருக்கும்போது, என்று சொல்லாத மில்லிவாட்டுக்கு அர்த்தம் கிடையாது. பெட்டியில் ‘100 மில்லிவாட்’ என்று பெரிதாகவும், பக்கத்தில் பொடி எழுத்தில் ‘16 ஓம்’ என்றும் போட்டிருக்கும் ஓர் ஆம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 16 ஓமில் 100 மில்லிவாட் வர 1.26 வோல்ட் போதும். அந்த ஆம்பின் உச்ச வோல்ட்டே அவ்வளவுதான் என்றால், 300 ஓம் ஹெட்போனை அதில் மாட்டும்போது கிடைப்பது 5 மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். போனின் யுஎஸ்பி-சி துளையில் செருகி ஹெட்போனை மாட்டும் சிறு துண்டான டாங்கிளில், 1 வோல்ட் தரும் சாதாரண ஒன்றைவிட இது 2 டெசிபல்தான் அதிகம். காதுக்கு அது சிறிய வித்தியாசம்தான். சில பெட்டிகளில் இரண்டு பக்கத்தையும் கூட்டி, ஒலி சிதையும் இடம் வரை அளந்து எண்ணை ஊதியிருப்பார்கள். அது வேறு கதை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆம்பை அல்ல, கையில் இருக்கும் ஹெட்போனை. அதன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம். மற்றொன்று சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, டெசிபலில். இந்த இரண்டாவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடும், சில 1 வோல்ட்டுக்கு எத்தனை என்று போடும். 32 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டுக்கும் இடையே 15 டெசிபல் வித்தியாசம் வரும். 300 ஓமில் 5 டெசிபல் வரும். எந்த அளவுகோல் என்று பார்க்காமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகப் போகும்.

எவ்வளவு சத்தம் வேண்டும்? நிதானமாகப் பாட்டுக் கேட்பவர் சராசரி 75, 80 டெசிபலில் கேட்கிறார். மிருதங்கச் சாப்பு, டிரம் அடி போன்றவை அந்தச் சராசரியிலிருந்து 15, 20 டெசிபல் எகிறும். தாராளமாக 110 டெசிபல் வரை இடம் விட்டுக் கணக்குப் போட்டால் எந்தப் பதிவும் உடையாமல் ஒலிக்கும். 110 என்பது உச்சத்துக்கு விடும் இடம், கேட்கும் அளவு அல்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவு.

இப்போது உண்மையான ஹெட்போன்களை வைத்துப் பார்ப்போம். மூன்ட்ராப் சூ என்ற மலிவு இயர்போன் 28 ஓம், 1 வோல்ட்டுக்கு 120 டெசிபல். 110-ஐத் தொட 0.32 வோல்ட் போதும். எந்த போனின் ஜாக்கும் இதைத் தரும். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். இதற்கு 0.7 வோல்ட் வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகை 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். இதற்கு 2.5 வோல்ட். சென்ஹைசர் எச்டி 650 என்றால் 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல், 2.2 வோல்ட். கடைசியாக ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ. வெறும் 25 ஓம்தான், ஆனால் சென்சிடிவிட்டி 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். இதற்கு 1.4 வோல்ட் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 56 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கேட்கும். எச்டி 650 கேட்பது 7.5 மில்லி ஆம்பியர். ‘ஓம் குறைவு, ஆகவே ஓட்டுவது எளிது’ என்று கடைக்காரர் சொல்வது இந்த இடத்தில் பொய்த்துப்போகிறது. ஓம் கூடினால் வோல்ட் வேண்டும், சென்சிடிவிட்டி குறைந்தால் மின்னோட்டமும் சேர்ந்து வேண்டும்.

இந்தக் கணக்கு சொல்லும் இன்னொரு விஷயம், கடைகளுக்குப் பிடிக்காதது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் இயர்போன் வைத்திருப்பவருக்கு ஆம்ப் தேவையே இல்லை. போனில் ஜாக் இல்லையென்றால் ஒரு டாங்கிள் வாங்கினால் வேலை முடிந்தது. வால்யூமை முக்கால்வாசிக்கு வைத்தாலே காது கூசுகிறது என்றால் ஆம்ப் எதையும் கூட்டித் தராது. ‘உஸ்’ என்ற இரைச்சலைத்தான் கூட்டும். இன்றைய திரைப்பாடல்கள் ஏற்கெனவே சத்தத்தை உச்சிக்கு ஏற்றித்தான் வருகின்றன. ஆம்பின் அருமை தெரிவது பழைய கச்சேரிப் பதிவுகளிலும் மேற்கத்திய சாஸ்திரிய இசையிலும்தான். அவை 10 டெசிபல் தாழ்வாகப் பதிவாகியிருக்கும். 250, 300 ஓம் ஹெட்போனை போனில் நேரடியாக மாட்டினால் வால்யூம் முழுதாக வைத்தும் எட்டாது.

சரி, தேவை என்று முடிவாகிவிட்டது. சந்தையில் இரண்டு ஜாதி உண்டு. யுஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று. டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லும் ஆம்பும் ஒரே விரல்கடை உலோகத்துக்குள் இருக்கும், மின்சாரத்தை போனிலிருந்தே உறிஞ்சும். பேட்டரி வைத்த அனலாக் ஆம்ப் மற்றொன்று. இதற்கு 3.5 மி.மீ. ஜாக்கிலிருந்து ஒயர் கொடுக்க வேண்டும். ஜாக் இல்லாத போனுக்கு இரண்டாவது வகையை வாங்கினால், அதற்கு முன்னால் ஒரு டாங்கிளும் வாங்க வேண்டியிருக்கும். இன்றைய நிலையில் புதிதாக வாங்குபவருக்கு டாங்கிள்தான் சரி. சிஎஸ் 43131 போன்ற சில்லு வைத்தவை 2 வோல்ட் வரை தரும். அதே சில்லை இரட்டையாக வைத்து 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக்கும் (இடது, வலதுக்குத் தனித்தனி ஆம்ப் உள்ளது) கொடுத்தவை 4 வோல்ட் வரை போகும். டிடி 770-க்கும் எச்டி 650-க்கும் இது தாராளம். ஹைஃபைமேனுக்கு வாங்கும்போது மட்டும், 32 ஓமில் ஒரு பக்கத்துக்கு 100 மில்லிவாட்டாவது தருமா என்று பாருங்கள். ஓமோடு சேர்த்துச் சொன்னால் மில்லிவாட்டும் பயனுள்ள எண்தான்.

ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலைக்கு அது அருமையான சரக்கு. 1 வோல்ட் தரும், இரைச்சல் காதுக்கு எட்டாது. ஆனால் இரண்டு பொறி உண்டு. ஒயரில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். ஏ2049 என்றால் 1 வோல்ட். ஐரோப்பாவுக்கான ஏ2155 என்றால் பாதிதான். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் வாங்கிவரச் சொல்லும்போது இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டாவது, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இந்த டாங்கிளுக்கு உள்ளே இருக்கும் வால்யூம் முழுதாக ஏறாது, சத்தம் பாதியிலேயே நின்றுவிடும். மடிக்கணினியில் அதே டாங்கிள் முழுச் சத்தம் தரும். டாங்கிளை நேரடியாக இயக்கும் யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலியில் போட்டால் போனிலும் சரியாகும். யூடியூபுக்கு அந்த வழி உதவாது. ஆண்ட்ராய்டு போன்தான் உபயோகம் என்றால் வேறு டாங்கிள் பார்ப்பது உத்தமம்.

சென்னை ரிச்சி தெரு பக்கம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ‘டைப்-சி டு ஜாக்’ துண்டுகள் பலவற்றில் சில்லே இருக்காது, வெறும் ஒயர்தான். போனே அனலாக் ஒலியை அந்தத் துளை வழியாக அனுப்பினால்தான் அவை பாடும். சாம்சங், பிக்சல் போன்கள் அனுப்புவதில்லை. மடிக்கணினியின் டைப்-சி துளையில் செருகிப் பாருங்கள். புதிய ஒலிக்கருவியாகப் பெயர் காட்டினால் சில்லு உண்டு, இல்லையென்றால் இல்லை. நல்ல டாங்கிளே வாங்கியும் சத்தம் வரவில்லை என்றால் உடனே திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். ஓப்போ, ரியல்மி, விவோ, ஒன்பிளஸ் போன்கள் பலவற்றில், வெளிக்கருவிகளை இணைக்கவிடும் ஓடிஜி என்ற அமைப்பை நாமேதான் இயக்க வேண்டும். பத்து நிமிடம் எதுவும் செருகாமல் விட்டால் அது தானாக அணைந்துவிடும். ‘நேத்து பாடுச்சு, இன்னைக்குப் பாடலை’ என்ற புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

அடுத்தது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டுக்கே உள்ள தடை, ஓமில். இதைப் பெட்டியில் பெரும்பாலும் அச்சிடுவதில்லை, ஆனால் இயர்போனின் ஒலிக் குணத்தையே மாற்றிவிடுவது இதுதான். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம், 32 ஓமுக்கு 4 ஓம். மீறினால் என்ன ஆகும்? இயர்போனின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. குறிப்பாக உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் மூன்று நான்கு வைத்தவற்றில் இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். ஆம்பின் ஓம் கூடுதலாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கமெல்லாம் அப்படியே ஒலியில் தெரியும். ஓரிடத்தில் பாஸ் தொளதொளக்கும், இன்னோரிடத்தில் ‘ஸ’ எழுத்து குத்தும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர், ஒரு 3.5 மி.மீ. பின் போதும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனில் 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை ஓடவிட்டு, பின்னின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே தடுமாறும். வால்யூமை 0.5 வோல்ட் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது அதே இரு முனைகளுக்கிடையே 33 ஓமைப் பற்றவைத்து மறுபடி பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். 0.50 வோல்ட் 0.45-ஆக இறங்கினால் 3.7 ஓம், 32 ஓம் ஹெட்போனுக்குச் சரி, 16 ஓம் இயர்போனுக்கு ஆகாது. 0.48-க்கு மேல் நின்றால் 1.4 ஓமுக்குள்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இதே மீட்டரால் இன்னொரு உபயோகம். இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டுக் கேட்பவர்கள், இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். 1 டெசிபல் சத்தம் கூடினாலே காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். கடையில் விலை கூடிய ஆம்பைச் சற்றே உரக்க வைத்துக் காட்டுவது இதனால்தான்.

பேலன்ஸ்டு 4.4 மி.மீ. ஜாக் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் இடது, வலது பக்கங்களுக்குத் தனித்தனி ஆம்ப், தனித்தனி எதிர்முனை. சாதாரண 3.5 மி.மீ. பின்னில் இரண்டு எதிர்முனைகளும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். சாதாரண ஹெட்போனை அடாப்டர் போட்டு 4.4 துளையில் செருகினால் இரண்டு ஆம்ப்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும், சில்லு போய்விடலாம். அடாப்டரை எதிர்த்திசையில், அதாவது பேலன்ஸ்டு ஒயர் கொண்ட ஹெட்போனைச் சாதாரண ஜாக்கில் போட, மட்டும் பயன்படுத்தலாம்.

பயன்படுத்தும் முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அனலாக் ஆம்ப் என்றால் போன் வால்யூமை 80, 90 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, ஏற்றி இறக்குவதை ஆம்பில் செய்யுங்கள். போனில் தாழ்த்தி ஆம்பில் தூக்கினால் போனின் இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படும். கெயின் விசையை, அதாவது எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை மாற்றும் விசையை, எப்போதும் கீழ் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். வால்யூம் கடைசிவரை போயும் போதாவிட்டால்தான் மேல் நிலை. இயர்போனோடு மேல் நிலையில் வைத்தால் திருகு கால்வட்டத்துக்குள் காது அடைத்துவிடும். திருகின் அந்த ஆரம்பப் பகுதியில் இடது வலது சமமாக இருக்காது என்பதால் பாடகர் ஒரு பக்கம் சாய்ந்து பாடுவார். டாங்கிளைச் செருகிவிட்டு, வால்யூமைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே காதில் மாட்டுங்கள். சில போன்கள் டாங்கிளை எடுத்துப் போட்டதும் வால்யூமை உச்சத்துக்குத் தாவவிடும்.

சார்ஜ் ஏறும்போது ஆம்பில் ‘ம்ம்’ என்று இழுக்கும் ஒலி வந்தால் அது பெரும்பாலும் இரண்டு பின் சார்ஜரின் கசிவு. மடிக்கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று ஊர்வதும் அதே கசிவுதான். சார்ஜரைக் கழற்றினால் ஒலி நிற்கும், ஆம்பில் குறை இல்லை. ‘டிட்-டிட்-டிட்’ என்று விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் 2ஜி போன் இருக்கிறது என்று பொருள். ஓரடி தள்ளி வைத்தால் போதும். டாங்கிள் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாவது இயல்பு. பாட்டு நின்ற பிறகும் செருகியே வைத்தால் போன் பேட்டரியைத் தின்னும். உடைவது எப்போதும் ஒயர் டாங்கிளுக்குள் நுழையும் கழுத்தில்தான். பேன்ட் பையில் போனைத் தலைகீழாக வைத்தால், டாங்கிள் மேலே இருக்கும், கழுத்து மடியாது.

கடைசியாக, கையால் செய்து பார்க்க விரும்பும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு. சூ மோய் என்பவரின் பெயரில் சிமோய் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட சர்க்யூட் இன்றும் நல்ல பாடம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதை நடுவில் பிரிக்க இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஓபிஏ 2134 ஐசி ஒன்று, 10 கிலோ ஓம் இரட்டை வால்யூம் கண்ட்ரோல். ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 100 கிலோ ஓம், கெயினுக்கு 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம். மூல சர்க்யூட்டின் கெயின் 11. இன்றைய போனுக்கு இது மிக அதிகம். 10 கிலோ ஓமுக்குப் பதில் 2.2 கிலோ ஓம் போட்டால் கெயின் 3.2 ஆகும், அது போதும். வால்யூம் கண்ட்ரோலில் ஏ10கே என்று அச்சிட்டிருக்க வேண்டும். கடையில் கைக்குக் கிடைக்கும் பி10கே நேர்கோட்டு வகை, முதல் கால்வட்டத்திலேயே சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிடும். பேட்டரிக்கு ஆல்கலைன் வாங்கினால் 40 மணி நேரத்தை ஒட்டி ஓடும். இந்த ஆம்ப் 250, 300 ஓம் ஹெட்போனுக்குப் பொருத்தம். மேலே சொன்ன ஹைஃபைமேனின் 56 மில்லி ஆம்பியரை இந்த ஐசியால் தர இயலாது. அதற்கு 2011-இல் வெளிவந்த ‘ஆப்ஜெக்டிவ் 2’ சர்க்யூட் இருக்கிறது. என்ஜேஎம் 4556ஏ ஐசியை ஒரு பக்கத்துக்கு இரண்டு பாதியாக இணைத்து மின்னோட்டத்தைக் கூட்டியிருப்பார்கள். இரண்டு 9 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி வேண்டும்.

ஓபிஏ 2134 கிடைக்கவில்லை என்று அதே கால் அமைப்புள்ள என்இ 5532-ஐச் சிமோயில் செருகுவது வழக்கமாக நடக்கும் தவறு. பாட்டு வரும், அதனால் தவறு தெரியாது. அந்த ஐசியின் உள்ளீட்டு மின்னோட்டம் சுமார் 200 நானோ ஆம்பியர். அது 100 கிலோ ஓம் வழியாகப் போகும்போது 20 மில்லிவோல்ட் டிசி உண்டாகும். கெயின் 11 என்றால் வெளியே 220 மில்லிவோல்ட். ஹெட்போனின் கம்பிச்சுருள் இரவும் பகலும் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டே கிடக்கும். ஓபிஏ 2134 என்று மேலே அச்சிட்டு வேறு ஐசியை விற்பதும் உண்டு என்பதால், எந்த ஐசி போட்டாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: பாட்டு ஓடாதபோது, ஹெட்போன் இல்லாமல், வெளியீட்டில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 20-க்குக் கீழே இருந்தால் செருகலாம். தாண்டினால் ஐசியை மாற்றுங்கள். மாற்றியும் இறங்கவில்லை என்றால் பேட்டரியைப் பிரிக்கும் இரண்டு 4.7 கிலோ ஓம்களில் ஒன்று சரியாகப் பற்றவில்லையா என்று தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிக்கருவித் துறை வாசகர்,
கோயம்புத்தூர்.